அக்குள் நெறிக்கட்டி எடுத்தவருக்குக் கை வீங்கக்கூடும் என்பதை மருத்துவமனை முன்பே சொல்ல வேண்டாமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவு. கோத்தகிரிப் பக்கம் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு எட்டு மாதங்களுக்கு முன் கோயம்புத்தூரில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை நடந்தது. அக்குளிலிருந்து 14 நெறிக்கட்டிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளை, எடுத்தார்கள். பிறகு கரண்டும் (கதிர்வீச்சு) வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது "இந்தக் கையால் எடை தூக்கக் கூடாது, இதில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது" என்றார்கள். ஏன் என்று சொல்லவில்லை. இப்போது அந்தப் பக்கத்து ஸ்வெட்டர் கை இறுகுகிறது, மாலையில் கை கனக்கிறது என்கிறார் அம்மா. பக்கத்து வீட்டில் யானைக்கால் மாதிரி ஏதோ என்கிறார்கள். கை வீங்கலாம் என்பதை முன்பே சொல்லியிருக்க வேண்டாமா, பயந்துவிடுவார் என்று மறைத்தது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகக் கேட்காமல் விட்ட இன்னொரு கேள்வியும் அதற்குள் இருக்கிறது: நான்காம் மாதமே அம்மா தேயிலை எடுக்கப் போனதை நாங்கள் தடுக்காததால்தான் இது வந்ததோ என்பது. இரண்டுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் இயன்முறை மருத்துவர். குன்னூரிலும் அதைச் சுற்றியும், புற்றுநோய் சிகிச்சை முடிந்து மலைக்குத் திரும்பியவர்களின் கை கால் வீக்கத்தைப் பார்ப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலையில் பெரும்பகுதி. அறுவை மருத்துவமும் புற்றுநோய் மருத்துவமும் என் துறைகள் அல்ல. தவிர, கையைத் தொட்டுப் பார்க்காமல், இரண்டு கைகளையும் அளந்து பார்க்காமல், இது நிணநீர் (திசுக்களிலிருந்து வடிந்து இரத்தத்துக்குத் திரும்பும் நீர்) தேங்கி வரும் வீக்கம்தான் என்று யாராலும் எழுத்தில் உறுதி சொல்ல முடியாது. உங்கள் அம்மாவின் நிலையில் இருப்பவருக்குக் கை வீங்கினால் நிணநீர் தேங்குவதே பெரும்பாலும் காரணம் என்றாலும், இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்தாலும் கை வீங்கும். சிலருக்கு நோய் அக்குளில் மீண்டும் தலைகாட்டுவதாலும் வீங்கும். ஆகவே முதலில் அறுவை செய்த மருத்துவரிடமோ புற்றுநோய் மருத்துவரிடமோ காட்டி, அந்த இரண்டும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஓரிரு நாளில் திடீரென்று வீங்கினாலோ, கை நீலம் பாய்ந்தாலோ, வலி அதிகமாக இருந்தாலோ, விரல்கள் மரத்துப் பிடிப்பு குறைந்தாலோ, மறுபரிசோதனைத் தேதி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சொல்லியிருக்க வேண்டுமா என்றால், ஆம், அறுவைக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தது. என்ன சிகிச்சை, எதற்காக, வேறு வழி உண்டா, குறிப்பிடத்தக்க ஆபத்துகள் எவை, வேண்டாம் என்று மறுத்தால் என்ன ஆகும் என்பவற்றை, நோயாளி தானே யோசித்து முடிவெடுக்கப் போதுமான அளவுக்கு மருத்துவர் சொல்லியாக வேண்டும். எங்கோ ஒருவருக்கு நேரும் அரிய ஆபத்துகளையெல்லாம் அடுக்க வேண்டியதில்லை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்திலும் தகவல் பெறும் உரிமை இடம்பெறுகிறது. அக்குள் நெறிக்கட்டிகளைப் பெருமளவில் எடுத்த பிறகு ஐந்தில் ஒருவருக்கு வருகிற ஒன்றை அரிய ஆபத்து என்ற கணக்கில் சேர்க்க முடியாது என்றே நான் கருதுகிறேன். இதை வைத்து மருத்துவமனை மீது என்ன நடவடிக்கை எடுக்கலாம் என்பது வழக்கறிஞரிடம் கேட்க வேண்டியது.

அந்த ஐந்தில் ஒருவர் என்ற கணக்கை விளக்க வேண்டும், ஏனென்றால் எல்லோருக்கும் அது பொருந்தாது. உலகெங்கும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் லான்செட் ஆன்காலஜி இதழில் வந்த கட்டுரையின்படி, அக்குள் நெறிக்கட்டிகளைப் பெருமளவில் எடுத்தவர்களில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினருக்குக் கை வீங்கியது; முதலில் நோய் எட்டக்கூடிய ஒன்றிரண்டு நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்துச் சோதித்து நிறுத்தியவர்களில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினருக்கே வீங்கியது. உடல் எடை கூடுதலாக இருப்பதும், அக்குள் பகுதியில் கதிர்வீச்சு கொடுப்பதும் வாய்ப்பைக் கூட்டும் என்பதில் இப்போது பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எந்த வகைக் கீமோ மருந்து கூட்டுகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வந்துவிடும். ஆனால் பத்து ஆண்டு கழித்து வந்தவர்களும் உண்டு என்பதால், இத்தனை ஆண்டு தாண்டிவிட்டோம், இனி வராது என்று எழுதிக் கொடுக்க முடியாது. உங்கள் அம்மாவுக்கு 14 நெறிக்கட்டிகளும் எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அவர் கூடுதல் வாய்ப்புள்ளவர்களின் வரிசையில்தான் இருந்தார். அது அறுவை நாளன்றே மருத்துவமனைக்குத் தெரிந்த விஷயம்.

வீக்கம் ஏன் வருகிறது என்பதைப் பக்கத்து வீட்டாருக்காகவும் சொல்கிறேன். திசுக்களில் கசியும் நீரையும் புரதத்தையும் திரும்ப இரத்தத்தில் கொண்டு சேர்ப்பது நிணநீர் நாளங்களின் வேலை. கையிலிருந்து வரும் நிணநீரில் பெரும்பகுதி அக்குள் நெறிக்கட்டிகளைக் கடந்துதான் போகிறது. மார்பகத்திலிருந்து நோய் பரவினால் பெரும்பாலும் முதலில் எட்டுவதும் அவற்றையே என்பதால்தான் அவற்றை எடுக்கிறார்கள். எடுத்தபின் வழி குறுகுகிறது. கதிர்வீச்சினால் உண்டாகும் தழும்பு மிச்ச வழியையும் இறுக்குகிறது. பலருக்கு மீதமுள்ள நாளங்கள் ஈடுகட்டிவிடும். சிலருக்கு முடியாமல், புரதம் கலந்த நீர் தோலடியில் தங்கி, கவனிக்காமல் விட்டால் நாளடைவில் கொழுப்பும் நாரும் சேர்ந்து கெட்டிப்படும். சிறுநீர் பிரியும் மாத்திரை தண்ணீரை இறக்குமே தவிர அந்தப் புரதத்தை இறக்காது. ஆகவே மருந்துக் கடையில் அதைக் கேட்டு வாங்க வேண்டாம். யானைக்கால் நோயிலும் நிணநீர் நாளங்களே கெடுகின்றன என்பதால் தோற்றம் ஒத்திருக்கலாம். ஆனால் அது கொசுவினால் பரவும் புழுவால் வருவது. அம்மாவுக்கு வந்திருப்பது அறுவையின் பின்விளைவு என்றால் அது யாரிடமிருந்தும் வந்ததல்ல, யாருக்கும் ஒட்டப்போவதுமில்லை. டம்ளரைத் தனியாக வைக்கவோ, பேரக்குழந்தையை விலக்கி வைக்கவோ எந்தக் காரணமும் கிடையாது.

உங்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று "கூடாது"களைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். மருத்துவமனைகள் எதுவுமே சொல்வதில்லை என்ற குற்றச்சாட்டு பெரும்பாலும் சரியல்ல, ஏதோ சொல்கிறார்கள். ஆனால் ஆபத்து என்ன, அது எவ்வளவு, வந்தால் எப்படித் தெரியும், யாரிடம் போவது என்ற நான்கையும் விட்டுவிட்டு, தடைகளை மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள். காரணம் தெரியாத தடையை மனிதர்கள் இரண்டில் ஒரு வழியில்தான் கையாளுவார்கள்: ஒன்று கையை மார்போடு சேர்த்துக் கட்டியதுபோல் அசைக்காமலே வைத்திருந்து தோள்பட்டையை இறுகவிடுவார்கள், இல்லையென்றால் மூன்று மாதத்தில் மறந்துவிடுவார்கள். இரண்டு வகையினரும் என்னிடம் வருகிறார்கள். தோள் இறுகி வருகிறவர் சொல்பேச்சுக் கேட்டவர் என்பதுதான் வேதனை.

அந்தத் தடைகளுக்கு ஆதாரம் எவ்வளவு என்று பார்த்தால் நிலைமை இன்னும் சங்கடமானது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் கைகளை அறுவைக்கு முன்பிருந்தே அளந்துவந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கையில் இரத்தம் எடுத்ததற்கோ, ஊசி போட்டதற்கோ, பிரஷர் பார்த்ததற்கோ, விமானத்தில் பறந்ததற்கோ கை பருத்ததோடு தொடர்பு தெரியவில்லை. தோல் தொற்றுக்கும் கூடுதல் உடல் எடைக்கும் தொடர்பு தெரிந்தது. தொடர்பு தெரியவில்லை என்பதும் தொடர்பே இல்லை என்பதும் ஒன்றல்ல. மற்றொரு கை நன்றாக இருக்கும்போது அதில் ஊசி போட்டுக்கொள்வதில் நட்டமும் இல்லை. நானும் அப்படியே சொல்கிறேன். ஆனால் ஆபத்தான நேரத்தில் நரம்பு கிடைக்காமல் செவிலியர் திணறும்போது "இந்தக் கையில் மட்டும் போடாதீர்கள்" என்று உறவினர்கள் மறித்து நிற்க வேண்டிய அளவுக்கு அது பெரிய விஷயமல்ல. மேட்டுப்பாளையம் பாதையில் பஸ் ஏறி இறங்கினால் கை வீங்குமா என்று பலர் கேட்கிறார்கள். விமானப் பயணத்திலேயே தொடர்பு தெரியவில்லை என்றால் மலை பஸ்ஸுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்பதே என் பதில்.

எடை தூக்குவதைப் பற்றிய ஆதாரம் இதைவிடத் தெளிவு. கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் அமெரிக்காவில் நடத்திய இரண்டு சோதனைகள் இதில் முக்கியமானவை. ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வாரம் இருமுறை, மிகச் சிறிய எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களுடைய வீக்கம் மற்றவர்களைவிடக் கூடவில்லை என்று 2009-இல் வெளியிட்டார்கள். வீக்கம் இன்னும் வராத, வரும் வாய்ப்புள்ள 154 பெண்களிடம் நடத்திய அடுத்த சோதனை 2010-இல் வந்தது: பயிற்சி செய்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கும், செய்யாதவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் வீக்கம் வந்தது, ஐந்தும் அதற்கு மேலும் நெறிக்கட்டி எடுத்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் கூடுதல். ஆக, "எடை தூக்கவே கூடாது" என்ற பழைய சொல்லை இன்று எவரும் அப்படியே திருப்பிச் சொல்லக் கூடாது. எச்சரிக்கையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டியது, அந்தப் பெண்கள் செய்தது பயிற்றுநரின் கண்காணிப்பில், அளந்து கூட்டிய எடை. நிரம்பிய இலைச் சாக்கைத் தலையில் வைத்துச் சரிவில் ஏறியது அல்ல. அந்தச் சோதனைகளைத் தேயிலைத் தோட்டத்துக்கு முழுதாக நீட்டிப் பொருத்த முடியாது.

இங்கேதான் மலையின் நிலைமை தனியாகிறது. கோயம்புத்தூரில் மேசையில் உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவருக்கு "எடை தூக்காதீர்கள்" என்பது சிறு அசௌகரியம். நாள் கூலிக்கு இலை எடுப்பவருக்கு அது "வேலைக்குப் போகாதே" என்பதற்குச் சமம். அவர் போகத்தான் போவார். போகிறவருக்கு எப்படிப் போவது என்று சொல்வதே பயனுள்ள தகவல். நான் சொல்வது இது: முதலில் தோள் முழுதாக மேலே எழும்பட்டும், பிறகு பாதி நாள் வேலையில் தொடங்கி, கை எப்படி இருக்கிறது என்று ஒரு வாரம் பார்த்து அடுத்த வாரம் கூட்டுவது, சாக்கை நிரப்பாமல் பாதியிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவது, அல்லது எடைபோடும் இடம்வரை வேறொருவரைச் சுமக்கச் சொல்வது, இலை வெட்டும் கத்தரி பிடிக்கிறவர் அரைமணிக்கு ஒருமுறை கையை உயர்த்தி விரல்களை மூடி மூடித் திறப்பது, முழங்கைவரை மறைக்கும் துணி, கையுறை, கீறல் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுவது. இதில் பாதி அனுபவத்தில் கண்டது, சோதனைச்சாலையில் நிறுவியது அல்ல. ஆனால் நான்காம் மாதம் இலை எடுக்கப் போனதால்தான் வீக்கம் வந்தது என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் தெரியாது. 14 நெறிக்கட்டிகளும் கதிர்வீச்சும் தனியாகவே போதுமான காரணங்கள். அந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டாம், அம்மா மேலும் போட வேண்டாம்.

ஏன் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதற்கும் காரணங்கள் இருக்கின்றன. எல்லாம் அலட்சியம் அல்ல. அறுவை மருத்துவரின் கவனம் நோயை முழுதாக எடுப்பதில் இருக்கிறது. வீக்கம் வரும்போது நோயாளி அவரிடம் இருப்பதில்லை. கதிர்வீச்சுப் பிரிவினர் அறுவைப் பிரிவில் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறார்கள். இயன்முறைப் பிரிவுக்குச் சீட்டு எழுதினால்தான் எங்களுக்கே தெரியும். யாருடைய வேலை என்று தீர்மானிக்காத வேலையை ஒருவரும் செய்வதில்லை. பயமுறுத்த வேண்டாம் என்ற எண்ணமும் பொய்யல்ல; கை யானைக்கால்போல் ஆகிவிடும் என்று கேள்விப்பட்டு அறுவையே வேண்டாம் என்று மலைக்குத் திரும்பிவிடுவாரோ என்ற அச்சம் மருத்துவருக்கு இருக்கிறது. ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து அளவோடு சொல்வதுதான். "அம்மா, உங்களைப்போல் அக்குள் கட்டிகளை எடுத்தவர்கள் ஐந்து பேர் என்றால் நாலு பேருக்குக் கை வீங்குவதில்லை, ஒருவருக்கு வீங்குகிறது. வந்தாலும் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் அடக்கி வைக்கலாம். வளையல் இறுகினாலோ, ரவிக்கைக் கை ஒரு பக்கம் மட்டும் பிடித்தாலோ, கை கனத்தாலோ, எங்களிடம் வந்துவிடுங்கள்" என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைக் கேட்டு அறுவை வேண்டாம் என்று எழுந்துபோன ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

ஒருமுறை சொன்னால் போதும் என்பதும் உண்மையல்ல. புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட அன்று அதற்குப் பிறகு சொன்ன எதுவும் காதில் ஏறாது. அறுவைக்கு முன் ஒருமுறை, வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒருமுறை, கரண்டு வைக்கத் தொடங்கும்போது ஒருமுறை, முதல் மறுபரிசோதனையில் ஒருமுறை என்று நான்கு இடங்களில் சொன்னால்தான் ஒன்றாவது தங்கும். நீலகிரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருக்கும், கையெழுத்து மகனுடையதாக இருக்கும், நோயாளி வீட்டில் பேசுவது படுகாகவோ மலையாளமாகவோ பணியர் மொழியாகவோ இருக்கும். தமிழில் சொன்னதற்கு அவர் தலையாட்டினால் புரிந்தது என்று பொருளல்ல. "வீட்டில் உங்கள் மகள் கேட்டால் இந்தக் கையைப் பற்றி என்ன சொல்வீர்கள்?" என்று திருப்பிக் கேட்டால், என்ன போய்ச் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும். எழுதிக் கொடுக்கும் தாள் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. அதில் தொலைபேசி எண் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். வழவழப்பான கையேடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை பீரோவுக்கு அடியில்தான் இருக்கின்றன.

கைக்கு மட்டுமே இவ்வளவும் என்று நினைத்துவிட வேண்டாம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு இடுப்புக்குள் இருக்கும் நெறிக்கட்டிகளை எடுத்தவர்கள், அந்தப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்கள், தொடை இடுக்கில் நெறிக்கட்டி எடுத்தவர்கள் ஆகியோருக்குக் கால் வீங்கலாம். என் அனுபவத்தில் மார்பக நோயாளிகளைவிட இவர்களுக்குத்தான் இன்னும் குறைவாகச் சொல்லப்படுகிறது. கொலுசு, மெட்டி, செருப்பு வார் ஒரு காலில் மட்டும் இறுகுவதே முதல் அடையாளம். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மழைக்காலத்தில் அட்டைக்கடி தவிர்க்க முடியாதது என்பதால் கால் புண்ணாகித் தொற்று ஏற அங்கே வாய்ப்பும் கூடுதல்.

முன்பே சொல்லியிருந்தால் வீக்கம் வராமல் இருந்திருக்குமா என்பதற்கு நேர்மையான பதில், வராது என்று உறுதி சொல்ல முடியாது என்பதுதான். நியூயார்க்கில் 136 பெண்களிடம் நடத்தி 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், நிணநீர் வீக்கம் பற்றித் தகவல் பெற்றவர்களுக்குத் தொந்தரவுகள் குறைவாக இருந்தன. ஆனால் தகவல் கிடைத்தவர்கள் பொதுவாகவே நல்ல கவனிப்பு கிடைத்தவர்களாகவும் இருந்திருக்கலாம் என்பதால், தகவலே தடுத்தது என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. வீக்கம் வருமுன்பே அழுத்தக் கையுறை (மணிக்கட்டிலிருந்து மேற்கைவரை கையை அழுத்திப் பிடிக்கும் இழுவை உறை) அணிவித்தால் தடுக்கலாமா என்பதிலும் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு: காலம். முதல் நிலையில் கட்டைவிரலால் சில நொடி அழுத்தினால் குழி விழும், இரவு கையை உயர்த்தி வைத்தால் காலையில் வடிந்திருக்கும். இந்த நிலையில் தொடங்கும் சிகிச்சை எளிது. அடுத்த நிலையில் உயர்த்தி வைத்தாலும் முழுதாக வடியாது, தோல் கெட்டிப்படத் தொடங்கும், கட்டுக்கட்டும் சிகிச்சை வாரக்கணக்கில் வேண்டியிருக்கும். தெரிந்திருந்த பெண் முதல் நிலையில் வருகிறார், தெரியாதவர் இரண்டாம் நிலையில் வருகிறார். முன்பே சொல்வதால் கிடைக்கும் பெரிய பலன் இதுவே. அறுவைக்கு முன் இரண்டு கைகளையும் அளந்து எழுதி வைத்திருந்தால் இன்னும் தெளிவு கிடைத்திருக்கும். வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு வலக்கை இயல்பாகவே சற்றுப் பருமனாக இருக்கலாம் என்பதால், பழைய அளவு இல்லாமல் வேறுபாட்டை எடைபோடுவது கடினம்.

இனி உங்கள் அம்மாவுக்கு. இன்றே தையல்காரர் டேப் ஒன்றை எடுத்து இரண்டு கைகளையும் அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள்: மணிக்கட்டில், முழங்கை மடிப்புக்குக் கீழே 10 சென்டிமீட்டரில், மேலே 10 சென்டிமீட்டரில். டேப் தோலைத் தொட வேண்டும், இறுக்கக் கூடாது; ஒவ்வொரு முறையும் நாளின் அதே நேரத்தில் அளக்க வேண்டும். ஏதாவது ஓரிடத்தில் 2 சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தால் அது கவனிக்க வேண்டிய வீக்கம் என்பது பல இடங்களில் பின்பற்றும் கணக்கு. அதைவிடக் குறைவாக இருந்து அம்மா கனக்கிறது என்றால் அம்மா சொல்வதையே நம்புங்கள். மருத்துவர் வேறு காரணமில்லை என்றதும் இந்த வீக்கத்தில் பழக்கமுள்ள இயன்முறை மருத்துவரிடம் போங்கள். நடக்க முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கும் ஏற்பாடு உண்டு. துணை சுகாதார நிலையச் செவிலியரிடம் விவரம் கேட்கலாம். அழுத்தக் கையுறையை அளவெடுத்துத்தான் வாங்க வேண்டும். கடையில் கிடைக்கும் கிரேப் கட்டை மேற்கையில் மட்டும் இறுக்கிச் சுற்றினால் புறங்கை பன்னுபோல் ஊதிவிடும். பகலில் அணியும் கையுறையை இரவில் கழற்றிவிட வேண்டும். இரண்டாக வாங்குவது நல்லது, ஏனென்றால் ஆடி மழையில் துவைத்தது காயாது, ஈரத்தோடு போட்டால் தோல் வெந்துபோகும். அடுப்புக்கு மேல் உலர்த்தினால் அதன் இழுவை கெடும். நீலகிரித் தைலம் போட்டு அழுத்தி நீவுவதும், சுடுதண்ணீர் ஒத்தடமும், நெருப்பில் அந்தக் கையை நீட்டிக் குளிர் காய்வதும் வேண்டாம். நிணநீருக்குச் செய்யும் நீவல் தோலை மட்டும் மெல்ல நகர்த்தும் ஒன்று. அதைக் கற்றுக்கொண்டு நீங்களே செய்யலாம்.

கடைசியாக, எல்லாவற்றையும்விட அவசரமானது தொற்று. தேங்கிய நிணநீரில் கிருமி வேகமாகப் பெருகும். ஒவ்வொரு தொற்றும் மிச்சமுள்ள நாளங்களையும் கெடுத்து வீக்கத்தை ஒரு படி ஏற்றிவிட்டுப் போகும். கை சிவந்து சுட்டாலோ, சிவப்பு பரவினாலோ, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, கையுறையையும் நீவலையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தொடங்க வேண்டும். இது இரவில் நேர்ந்தால் காலையில் கோயம்புத்தூருக்கே போய்விடலாம் என்று பொழுது விடியக் காத்திருக்காதீர்கள். பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனையில், அக்குள் நெறிக்கட்டி எடுத்த கை இது என்று முதல் வார்த்தையாகச் சொல்லி, மருந்தைத் தொடங்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் ஒன்று எப்போதும் அம்மாவின் பையிலேயே இருக்கட்டும்.